சத்தம் போடாத கட்டில்

ஸபியா கட்டிலை விட்டு எழும்பி, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, இரண்டு எட்டு வைத்த பிறகு, கட்டில் இன்னொரு தடவை கிரீச்சிட்டது.

கட்டில் வாங்க வந்த பெண்கள் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கட்டில்ல மாப்பிள புரண்டு படுத்தா புளத்கொகுபிட்டிய பசாரே எழும்பும்," என்றாள் ஒருத்தி, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு.

"நல்லந்தானே. சுபஹுத் தொழுகைக்கு எழுப்ப வேற ஆள் தேவல்ல," என்றாள் மற்றவள்.

குடைகளை விரித்துக்கொண்டு பக்கத்துக் கதவால் அவர்கள் போய்விட்டார்கள். ஸபியா மட்டும் நின்றாள். அலுமாரிகளும் மேசைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்த அரை இருட்டில், அரக்குப் பொலிஷின் வாசனையும், ஈரச் சுவரின் வாசனையும், பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காய்ச்சும் புகை வாசனையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம். திரைக்கு அப்பால் வாப்பா யாரோடோ சிங்களத்தில் விலை பேசும் சத்தம். அவற்றுக்கு நடுவில் அந்தக் கிரீச், நிதானமாக, மூச்சு விடுகிற மாதிரி. ஆள் ஒன்று அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்து, இப்போது இந்தப் பக்கம் திரும்பிப் படுத்த மாதிரி.

வாப்பா அப்துல் ரஸாக்கின் தளபாடக் கடைக்கு இரண்டு பாதிகள். தெருப் பக்கம் ஆண்களுக்கு. திரைக்குப் பின்னால் இருப்பது பெண்களுக்கு. கல்யாணச் சாமான் வாங்க வரும் உம்மாமார் பக்கத்துக் கதவால் நுழைந்து, முக்காட்டைத் தளர்த்தி, வேண்டியதைத் தொட்டுப் பார்த்துத் தெரிவு செய்வது அங்கேதான். அவர்களுக்குச் சாமான் காட்டுவது முதலில் ஸபியாவின் உம்மா. உம்மா மௌத்தான பிறகு மூத்தவள் ரஹ்மா. ரஹ்மாவுக்குக் கல்யாணம் முடிவானதும் ஸபியா. மேசை லாச்சியை ஒரே விரலால் இழுத்துக் காட்ட வேண்டும். நிலைக்கண்ணாடியைச் சாடையாகச் சரித்து, பார்ப்பவளை மெலிந்தவளாகக் காட்ட வேண்டும். கட்டில் என்றால் ஏறிப் படுத்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை புரள வேண்டும். வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். பலகைத் தடுப்புக்கு அப்பால் மாமியார் படுக்கிற வீடுகளில் கட்டில் சத்தம் போடுகிறதா இல்லையா என்பது பெரிய விஷயம். யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. அதற்காகத்தான் புரண்டு காட்டுவது.

இந்தக் கட்டிலில் புரண்டால் காடே கத்தியது. 

நல்ல தேக்கு. பிரம்பு பின்னியது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட அந்த வருசம், பங்களாச் சாமான்களெல்லாம் ஏலத்துக்கு வந்தன. வாப்பா மேட்டுத் தோட்டத்துத் துரையின் ஏலத்தில் இதை எடுத்தார். கொண்டுவந்து இறக்கியது வண்டிக்காரச் செல்லையா. 

"என்னா கனம்மா இது! மாடு ரெண்டும் நொரை தள்ளிருச்சு," என்று அன்றைக்கு அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "துரை இதுல படுக்கவே மாட்டாராம்மா. பக்கத்துல நாக்காலிய போட்டுக்கிட்டு, விடியவிடிய இதையே பாத்துக்கிட்டு குந்தியிருப்பாராம். பங்களா சமையக்காரன் சொன்னான். வெள்ளக்காரன் புத்தி நமக்கு வெளங்குமா?"

அப்போது ஸபியாவும் சிரித்தாள்.

இப்போது அவள் பிரம்பைப் பார்த்தாள். புதுப் பிரம்பு, ஆள் எழும்பியதும் தானும் எழும்பிவிடும். பழையது கொஞ்சம் சுணங்கும். அவள் படுத்திருந்த இடம் மெல்ல மெல்ல மேலே வந்து சமமானது. சுவர்ப் பக்கம் மேலே வரவில்லை. அங்கே தோளுக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம். அவள் அந்தப் பக்கத்தில் படுக்கவேயில்லை.

அன்று இரவு பாயில் படுத்துக்கொண்டு அதை ரஹ்மாவிடம் சொன்னாள். இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரே பாய். ஸபியா எவ்வளவு சுணங்கி வந்தாலும் ரஹ்மா கண் திறக்கமாட்டாள். பக்கத்தில் ஆள் வந்தது தெரிந்தால் போதும், தூக்கத்திலேயே சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விடுவாள்.

"பழைய பிரம்பு அப்பிடித்தான் புள்ள," என்றாள் ரஹ்மா கொட்டாவியோடு. "நீ தின்ற தீனிக்கு எந்தப் பிரம்பும் குழியும்."

"நான் அந்தப் பக்கம் படுக்கல்ல, ராத்தா."

"அப்ப பேய் படுத்தீக்கும். ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுத் தூங்கு."

அதற்குப் பிறகு ஸபியாவுக்கு அந்தச் சத்தம் எங்கே நின்றாலும் கேட்டது. குசினியில் தேங்காய் துருவும்போது. கிணற்றடியில் வாளி இறக்கும்போது. கடையில் யாரும் இல்லாத பகல் நேரத்தில், கிரீச். கொஞ்சம் இடைவெளி. கிரீச். பயம்தான். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை அது கட்டிலில்தான் இருக்கிறது.

இந்த ஆறுதலை அவளே கெடுத்துக்கொண்டாள்.

வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டுப் போக, வாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தச் சத்தத்த நிப்பாட்டாட்டி இத வெறகுக்குத்தான் குடுக்கணும்," என்றார். ஸபியா கட்டிலின் பொருத்துகளைத் தட்டிக் கழற்றினாள். சட்டமும் காலும் சேரும் இடத்தில், துளைக்குள்ளே, பச்சைக் களிம்பு பிடித்த ஒரு செப்புத் துண்டு. நாலு மூலையிலும் அதே மாதிரித் துண்டுகள். நெம்பி எடுத்தாள். பொருத்துகளைத் துடைத்து, தேன்மெழுகும் சவர்க்காரமும் உருக்கித் தடவி, மறுபடி இறுக்கினாள். செப்புத் துண்டுகளைப் பின்வாசல் கானில் எறிந்தாள். மழைத்தண்ணீர் அவற்றை ஆற்றுக்குக் கொண்டுபோனது.

ஏறிப் படுத்தாள். புரண்டாள். ஒரு சத்தமும் இல்லை.

வாப்பாவும் கையால் அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அல்லாஹ்வே! மகள், நீ கெட்டிக்காரி. கடையில ஈக்கிற எல்லாத்துக்கும் இப்பிடிச் செய்." அவள் எல்லாவற்றுக்கும் செய்தாள். பிரம்புக் கதிரைகள், ஆடும் கதிரைகள், அலுமாரிக் கதவுகள், அவற்றின் பிணைச்சல்கள், வீட்டுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த கதவு. வருகிறவர்களிடமெல்லாம் வாப்பா பெருமையாகச் சொல்லத் தொடங்கினார்: "எங்கட கடைச் சாமான் ஒன்டும் சத்தம் போடாது."

கடைசிக் கதிரைக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய கை நின்றது. 

செப்பு அங்கே தானாக வந்திருக்காது. துண்டுகளின் ஓரங்களை அரத்தால் ராவியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஆழத்தில் அடித்து இறக்கியிருந்தார்கள். தச்சு வேலை தெரிந்தவன் யாரும் கட்டிலைக் கத்த வைக்க இவ்வளவு பாடுபடமாட்டான். 

கேட்க வேண்டும் என்று நினைத்தவன்தான் செய்வான். நாற்காலியில் குந்திக்கொண்டு விடியவிடியப் பார்த்திருந்தவன். கண் அயர்ந்தாலும் காதால் தெரிந்துகொள்ள.

அவள் கானுக்கு ஓடினாள். முழங்கால் அளவு சேற்றில் கையை விட்டுத் துழாவினாள். கல். ஓட்டுச் சல்லி. வேறு ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை ரஹ்மாவின் கல்யாணம். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். கடைக்குப் பின்னால் இருந்த அறையை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு எந்தக் கட்டில் என்று வாப்பா சாப்பாட்டில் வைத்துச் சொன்னார்.

"அந்தத் தேக்குக் கட்டில்தான். இந்தக் காலத்துல அத வாங்க யாருட்டயும் வசதியில்ல."

"கடைக்காரன்ட மகளுக்கு விக்காத சாமான்தான் சீதனம்," என்று ரஹ்மா சிரித்தாள். "வாப்பா, அந்த உடைஞ்ச நிலைக்கண்ணாடியயும் தந்துடுங்க."

ஸபியா சோற்றைத் தள்ளி வைத்தாள். "வேற கட்டில் குடுங்க வாப்பா. பலாக் கட்டில் ஈக்கிதுதானே."

"ஏன், இதுக்கு என்ன?"

"அதுல ஆள் ஈக்கிது."

வாப்பா அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. "உம்மா இல்லாத வீட்டுல ராத்தாவும் மாப்பிளட பக்கம் சாயப் போறா என்டு ஒனக்குப் பயம். அதுதானே? சரி. கல்யாணத்துக்கு முந்தி நீயே அத வித்துக் காட்டு. அப்ப ராத்தாக்குப் பலாக் கட்டில்."

அவள் அதற்குப் பிறகு அந்தக் கட்டிலை விற்பது ஒன்றைத்தான் நினைத்தாள். யாருக்கு என்று நினைக்கவில்லை.

புதன்கிழமை அரநாயக்கவிலிருந்து றுகையா உம்மாவும் அவருடைய மகள் ஸுலைஹாவும் வந்தார்கள். றுகையா உம்மா பெருத்த உடம்பு, கடும் கண். ஸுலைஹாவுக்கு ஸபியாவின் வயதுதான் இருக்கும். நெல்லிக்காய் ஒன்றை உப்பில் தொட்டுத் தொட்டுக் கடித்துக்கொண்டே கடை முழுக்கப் பார்த்தாள். தனக்குத்தான் கல்யாணம் என்பது இன்னும் விளங்காதவள் மாதிரி. வெளியே மழை பிடித்திருந்தது. பகலிலேயே விளக்குக் கொளுத்த வேண்டியிருந்தது.

"ஒங்கட கட்டில் சத்தம் போடாதாமே," என்றார் றுகையா உம்மா. "அரநாயக்க வரைக்கும் கத வந்தீக்கி. எங்க, காட்டுங்க பாப்பம்."

அன்றைக்கு ஸபியா பிரம்பைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏற முடியாது. ஓரமாக உட்கார்ந்தாள். காலைத் தூக்கி வைத்தாள். மல்லாந்து படுத்தாள். ஓட்டின் இருட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பழகிய வார்த்தைகளைச் சொன்னாள். "தேக்கு, மாமி. துரைமார் பாவிச்ச சாமான். பிரம்பெல்லாம் கொழும்பால எடுத்தது."

முதலில் குளிர் வந்தது. வலது கைப் பக்கமாக, ஈர மண்ணிலிருந்து வருகிற குளிர். பிறகு பிரம்பு அசைந்தது. வலது பக்கம் தாழ்ந்தது. கனத்த ஆள் ஒன்று பக்கத்தில் மெதுவாகப் படுத்தால் எப்படித் தாழுமோ அப்படி. அவளுடைய உடம்பு தன் பாட்டில் அந்தச் சரிவுக்குச் சறுக்கியது. இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். விரல் வெளுத்தது.

"புரண்டு காட்டுங்க," என்றார் றுகையா உம்மா.

இடது பக்கம் புரண்டாள். சத்தம் இல்லை. 

"மத்தப் பக்கம்?"

மற்றப் பக்கம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புரண்டாள். முகத்துக்கு நேரே ஒரு மூச்சு. பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற மணம். மிக நெருக்கத்தில். அவள் சிரிப்பை விடவில்லை. வாய் வலித்தது. வெளியே மழை நிம்மதியாக மூச்சு விடுகிற மாதிரி பெய்தது.

"ஹரி, சரிதான், ஒரு சத்தமும் இல்ல," என்றார் றுகையா உம்மா.

ஸுலைஹா குனிந்து பார்த்தாள். அவளுடைய வாயில் உப்பும் நெல்லிக்காயும் மணத்தன. "படுத்தா சொகமா ஈக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஸபியா கண்ணைத் திறந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"மிச்சம் நல்ல சொகம்," என்றாள்.

விலை படிந்தது. வாப்பா திரைக்கு அப்பாலிருந்து வாய் நிறைய துஆச் செய்தார். ஸபியா எழும்பினாள். கட்டிலைக் கழற்றி ஏற்றும்வரை மேசை மேசையாகத் துடைத்துக்கொண்டே திரிந்தாள். ஸுலைஹா புறப்படும்போது இரண்டு கையையும் பிடித்து ஸலாம் சொன்னாள். அந்தக் கை சூடாக இருந்தது. ஸபியாவால் பதில் ஸலாம் வாய்க்குள்தான் சொல்ல முடிந்தது. ராத்தா தப்பினாள். அதை மட்டும் நினை. ராத்தா தப்பினாள்.

செல்லையா கடைசிச் சட்டத்தைத் தோளில் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு நின்றான். தலையைச் சொறிந்தான்.

"என்னாம்மா, இது அதே கட்டில்தானா?"

"ஏன்?"

"கொண்டாரப்ப ரெண்டு ஆளு சேந்தும் தூக்க முடியல. சட்டம் சட்டமா கழட்டித்தான் அன்னைக்கும் கொண்டாந்தோம். இன்னைக்கு பஞ்சு மூட்ட மாதிரியில்ல கெடக்கு." அவன் மாட்டைத் தட்டினான். "நீங்க மெழுகு போட்டதுல கனமும் எறங்கிருச்சு போல. ஹேய், நட!"

வண்டி திருப்பத்தில் மறைந்தது. மாடுகள் விளையாட்டுப் போல நடந்தன. ஸபியா மழையில் நின்றுகொண்டே இருந்தாள்.

கனம் இறங்கிவிட்டது. 

எப்போது இறங்கியது? அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்க முடியாது.

மஃரிப் தொழுகைக்கு வாப்பா பள்ளிவாசலுக்குப் போனார். நிக்காஹ் விஷயமாக லெப்பையிடம் பேசிவிட்டுத்தான் வருவேன் என்றார். சமையலுக்கு வந்த பெண்கள் முற்றத்துக் கொட்டிலில் வெங்காயம் உரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் அறையில் பலாக் கட்டிலைப் போட்டாயிற்று. மெத்தை விரிப்பது நாளைக்கு, மாப்பிள்ளையின் சகோதரிகள் வந்த பிறகு. தரை ஒழுக்கில் நனைந்திருந்ததால் ரஹ்மா வெறும் பிரம்பிலேயே ஒரு தலையணையோடு படுத்துவிட்டாள். இரண்டு உள்ளங்கையிலும் மருதோண்டி. அதன் மேல் இலையும் துணியும் சுற்றியிருந்தது. பகல் முழுக்க உட்கார்ந்திருந்த களைப்பில் உடனே தூங்கிவிட்டாள்.

கடையின் பக்கத்துக் கதவு சாத்தவில்லை என்பது ஸபியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சுற்றி வர தூசி, நடுவில் சுத்தமான நீள்சதுரம். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். அதுவும் சத்தம் போடவில்லை. திரும்பினாள். 

அந்தச் சுத்தமான இடத்தை ஒட்டி, வீட்டுக் கதவு வரைக்கும், பிரம்புக் கதிரைகள் வரிசையாக இருந்தன. சுவரோடு சுவராக. அவளே அடுக்கியவை. முதல் கதிரையின் இருக்கை குழிந்திருந்தது.

பழைய பிரம்பு. அப்படித்தான் இருக்கும். ராத்தா சொன்னாள்.

குழி மெல்ல மேலே வந்தது. சமமானது. 

இரண்டாவது கதிரை தாழ்ந்தது.

விளக்கின் சுடர் ஆடவில்லை. காற்று இல்லை. அவள் காதைக் கொடுத்தாள். ஒரு முனகல், ஒரு கிரீச், ஏதாவது. எல்லாப் பொருத்திலும் தேன்மெழுகு. எல்லாப் பிணைச்சலிலும் சவர்க்காரம். அவளுடைய கையாலேயே.

மூன்றாவது. 

அது அவசரப்படவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்த ஆள் இடம் மாறி மாறி உட்காருகிற மாதிரி. தாழ்ந்தது. எழுந்தது. அடுத்தது தாழ்ந்தது. கடைசிக் கதிரை வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில். அதுவும் தாழ்ந்தது. அங்கே கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்தது.

பிறகு அதுவும் சமமானது. 

கதவு திறந்தது. சத்தமில்லாமல்.

"ராத்தா," என்றாள். முற்றத்தில் பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் ஓடினாள். வீட்டுக் கதவுத் திரை முகத்தில் அறைந்தது. விளக்குக் கண்ணாடி நிலையில் பட்டு உடைந்தது. சுடர் மட்டும் மிஞ்சியது.

அறை வாசலில் நின்றாள்.

ரஹ்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். துணி சுற்றிய கைகள் இரண்டும் கன்னத்துக்குக் கீழே. மருதோண்டி மணம். வாய் சாடையாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம்.

அவளுக்கு முன்னால், கட்டிலின் வெறும் பாதியில், பிரம்பு தாழத் தொடங்கியது. முதலில் இடுப்புக்கு. பிறகு தோளுக்கு. பிறகு தலையணையின் ஓரத்தில், ஒரு தலை அளவுக்கு.

பலாக் கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை.

ரஹ்மா கண் திறக்கவில்லை. பக்கத்தில் ஆள் வந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே ஒரு சின்னச் சிரிப்புடன், சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரியே, சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா புள்ள," என்றாள். "ஏன் இவ்வளவு குளிர்?"